பமீலா கோல்மன் ஸ்மித்: அவர் கை பட்ட தாளைத் தேடுங்கள்

கேள்வி இதுதான். பல வருடங்களாக டாரட் என்ற படச்சீட்டுகளை வைத்துக் குறி பார்த்து வருகிறீர்கள். அந்தப் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் என்பது சமீபத்தில்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய படைப்புகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறீர்கள். சென்னையில் இருக்கிறீர்கள், கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. ஏறக்குறைய அதே விலைக்கு '1910ஆம் ஆண்டின் அசல் கட்டு' என்று ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா, இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கட்டை வாங்காதீர்கள். அது போலியாக இருக்கலாம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். அது அசலாகவே இருந்தாலும், பமீலாவைச் சேகரிக்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் டாரட் இல்லை என்பது என் கருத்து. பதினைந்து வருடமாக அவருடைய பொருள்களைத் தேடி அலைந்த பிறகு எனக்கு உறுதியாகிப்போன விஷயம் இது.

1909 நவம்பர் 19 அன்று நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்குப் பமீலா ஒரு கடிதம் எழுதினார். மிகக் குறைந்த காசுக்கு ஒரு பெரிய வேலையை இப்போதுதான் முடித்தேன் என்கிறார் அதில். டாரட் சீட்டுக்கட்டு ஒன்றுக்கு எண்பது படங்கள் என்று கணக்கு சொல்கிறார் (கட்டில் இருக்கும் சீட்டுகள் 78தான்). மூலச் சித்திரங்களில் சிலவற்றை அனுப்புகிறேன், சிலருக்குப் பிடிக்கலாம் என்கிறார். அச்சான கட்டு ஒன்றையும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லச்சில் வண்ணமாக அச்சிடுகிறார்கள், அநேகமாக மிக மோசமாக இருக்கும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார்.

அச்சு வெளிவருவதற்கு முன்பே அவர் இப்படி எழுதியிருக்கிறார். நாம் இன்று டாரட்டில் பார்க்கும் கோடு, அவருடைய கோட்டைப் பார்த்து அச்சகத்தில் இன்னொருவர் அச்சிடும் கல்லின் மேல் மாற்றி வரைந்த கோடு. நிறமும் அச்சகத்தின் வழியாக வந்ததுதான். அவர் வரைந்த மூலச் சித்திரங்கள் எங்கே போயின என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. அதனால் யாராவது 'பமீலாவின் அசல் டாரட் ஓவியம்' என்று எதையாவது காட்டினால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அவருடைய கை நேரடியாகப் பட்ட தாள்கள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில, கொஞ்சம் பொறுமை இருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கும் கிடைக்கின்றன. எவை என்று புரிய அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1878 பிப்ரவரி 16 அன்று லண்டனில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். சிறு வயதில் மான்செஸ்டரில் இருந்தார், பிறகு அப்பாவின் வேலை காரணமாக ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போனார். 1893இல் நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பிராட் கல்விக்கூடத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். ஜப்பானிய அச்சுப்படங்களில் ஈடுபாடு கொண்ட ஆர்தர் வெஸ்லி டோ அங்கே ஆசிரியராக இருந்தார். கனமான கறுப்புக் கோடு, நடுவில் தட்டையான நிறம், பெரிய வெற்றிடம் என்று பமீலாவின் படங்களில் நாம் பார்க்கும் பாணிக்கு அந்த வகுப்பு ஒரு காரணம். பட்டம் வாங்காமலே 1897இல் வெளியே வந்தார். 1896இல் அம்மாவும் 1899இல் அப்பாவும் இறந்துபோனார்கள். இருபத்தொரு வயதில் அவருக்குச் சொந்தமென்று இருந்தது ஓவியத் தொழில் ஒன்றுதான்.

அந்த 1899ஆம் வருடத்தைச் சேகரிப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வருடத்தில் அவர் பெயரில் அத்தனை வெளிவந்தன. ஜமைக்காவில் கேட்ட சிலந்திக் கதைகளை அந்த ஊர்ப் பேச்சுமொழியிலேயே எழுதி, படமும் வரைந்த 'அனான்சி ஸ்டோரீஸ்' அந்த வருடம்தான் வந்தது. 'விடிகோம் ஃபேர்' என்ற நாட்டுப்பாடலுக்கு வரைந்த படத்தொகுப்பு, 500 பிரதிகள் மட்டும், பெரிய அளவுத் தாளில். 'த கோல்டன் வேனிட்டி அண்ட் த கிரீன் பெட்' என்ற பழைய கடற்பாடல்களுக்கான படப்புத்தகம். ஷூமஸ் மக்மானஸ் எழுதிய அயர்லாந்து நாட்டுக்கதைகளுக்கான படங்கள். இவற்றோடு லண்டன் லைசியம் நாடகக் குழுவின் நடிகர் ஹென்றி இர்விங், நடிகை எலன் டெர்ரி இருவரைப் பற்றிய படமலர்.

நாடகக் குழுவோடு ஏற்பட்ட பழக்கம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. அந்தக் குழுவின் நிர்வாகியாக இருந்தவர் பிராம் ஸ்டோக்கர். டிராகுலா எழுதியவரேதான். எலன் டெர்ரி பமீலாவுக்கு 'பிக்ஸி' என்று செல்லப்பெயர் வைத்தார். குழுவோடு பமீலாவும் ஊர் ஊராகப் போனார். ஒரு ஓவிய மாணவர் முடிந்த அளவு நாடகம் பார்க்க வேண்டும், படம் வரைபவருக்கு மேடை பெரிய பள்ளிக்கூடம் என்று 1908இல் ஒரு கட்டுரையில் எழுதினார். உங்கள் டாரட் கட்டை எடுத்துப் பாருங்கள். பல சீட்டுகளில் ஆள் நிற்கும் தரைக்கும் பின்னால் இருக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு குறுக்குக்கோடு ஓடும். நாடக மேடையின் விளிம்பும் பின்னால் தொங்கும் திரைச்சீலையும் போலவே இருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தச் சீட்டுகளை வேறு மாதிரி பார்க்க முடியாது.

மறைஞானப் பக்கத்துக்கு வருவோம். 1901இல் 'கோல்டன் டான்' என்ற மறைபொருள் சபையில் சேர்ந்தார். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் இருந்த சபை அது. பிறகு சபை உடைந்தபோது, அதில் இருந்த மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் பக்கம் போனார். டாரட் வேலை அவருக்கு வந்தது அந்த வெயிட் வழியாகத்தான். ஆனால் சடங்குகளையும் பட்டங்களையும் விட அவருக்குச் சொந்தமான மறைஞானம் வேறொன்று. இசை கேட்கும்போது அவருக்குக் காட்சிகள் தெரிந்தன. பாக், பேத்தோவன், டெபுஸி கச்சேரிகளில் உட்கார்ந்து, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே வரைந்தார். 1908இல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் இதைப் பற்றி அவரே விளக்கினார். இவை இசையின் கருப்பொருளுக்கு வரைந்த படங்கள் இல்லை, இசை கேட்கும்போது நான் காண்பது மட்டும்தான், ஒலியின் மயக்கத்தில் கட்டவிழ்ந்து விடுதலையான எண்ணங்கள் என்றார். அலை எழும்பும், அலையே குனிந்த பெண்ணாகும். மலையே ஒரு முகமாக இருக்கும். நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் 1903ஆம் ஆண்டு அவர் வரைந்த 'அலை' என்ற நீர்வண்ண ஓவியம் இருக்கிறது. நான் அதை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதிலேயே கடலின் துக்கம் தெரிகிறது.

இந்த இசைச் சித்திரங்களைத்தான் ஸ்டீக்லிட்ஸ் 1907 ஜனவரியில் தன் கூடத்தில் வைத்தார். ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் கட்டடம். புகைப்படத்தை ஒரு கலை என்று நிறுவுவதற்காகவே நடத்தப்பட்ட கூடம் அது. அங்கே புகைப்படம் அல்லாத முதல் கண்காட்சி பமீலாவுடையது. பின்னால் மத்தீஸும் பிக்காஸோவும் அந்தச் சுவர்களுக்கு வந்தார்கள், பமீலா அவர்களுக்கு முன்னால் வந்தவர். 1908, 1909 ஆண்டுகளிலும் அங்கே அவர் படங்கள் வைக்கப்பட்டன. 22 ஓவியங்களை ஸ்டீக்லிட்ஸே புகைப்படம் எடுத்து, பிளாட்டினம் பிரதிகளாகத் தொகுப்பு ஒன்றும் வெளியிட்டார். ஸ்டீக்லிட்ஸ் கையில் இருந்த பமீலா ஓவியங்களில் பல இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் உள்ளன. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவருடைய நீர்வண்ண மூலங்களில் பெரிய பங்கு நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்விட்டது. சந்தைக்கு வருபவை சொற்பம். வரும்போது விலையும் நம் எல்லைக்கு மேலே.

சரி, அவர் கை பட்டது என்று சொன்னேனே, அது இது.

1902இல் ஓவியர் ஜாக் யேட்ஸோடு சேர்ந்து 'எ பிராட் ஷீட்' என்ற மாத வெளியீட்டைக் கொண்டுவந்தார். ஒற்றைத் தாள், அதில் பாட்டும் படமும், படத்துக்குக் கையால் வண்ணம். எல்கின் மாத்யூஸ் பதிப்பித்தார். அடுத்த வருடம் அதிலிருந்து விலகி, 'த கிரீன் ஷீஃப்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பச்சைக் கதிர்க்கட்டு என்று தமிழில் சொல்லலாம். 1903, 1904 இரண்டு வருடங்களில் மொத்தம் 13 இதழ்கள். என் கதிர்க்கட்டில் இளமையும் பசுமையுமாக இருப்பதையெல்லாம் சேர்ப்பேன், படங்கள், பாடல்கள், காதலும் போரும் பேசும் கதைப்பாட்டுகள், கடற்கொள்ளையர் கதைகள் என்று முதல் பக்கத்திலேயே அறிவித்தார். டபிள்யூ. பி. யேட்ஸ், ஜே. எம். சிங், லேடி கிரெகரி, ஜான் மேஸ்ஃபீல்ட் என்று அந்தக் கால எழுத்தாளர்கள் பலரும் அதில் எழுதினார்கள். கனவுகளை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினார். சிங் அயர்லாந்தின் இனிஷ்மான் தீவில் கண்ட கனவு ஒன்று இரண்டாவது இதழில் இருக்கிறது.

கோடுகள் அச்சில் வந்தன, வண்ணம் தூரிகையால் தீட்டப்பட்டது. அதனால் ஒரே இதழின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒன்றில் கடல் கொஞ்சம் பச்சையாக இருக்கும், மற்றதில் நீலம் தூக்கலாக இருக்கும். கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஒரு மயிரிழை வழிந்திருக்கும். எல்லாப் பிரதிக்கும் அவர் ஒருவரே தீட்டியிருக்க முடியாது, உதவிக்கு ஆள் இருந்திருப்பார்கள். ஆனாலும் அவர் கண் முன்னால், அவர் சொன்ன நிறத்தில் நடந்த வேலை அது. டாரட் அச்சைப் பற்றி அவருக்கு இருந்த பயம் இங்கே இல்லை.

என்னிடம் கிரீன் ஷீஃபில் ஒரே ஒரு இதழ் இருக்கிறது. நாலைந்து வருடம் காத்திருந்து வாங்கியது. முதல் நாள் ஜன்னலோரம் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் மேலாடையில் தூரிகை நின்ற இடத்தில் வண்ணம் ஓரமாகத் தேங்கி, காய்ந்து, மெல்லிய கரையாக நின்றிருந்தது. நூற்றுப் பத்து வருடத்துக்கு முந்தைய ஈரம். அன்று ராத்திரி சாப்பாடுகூட நினைவில்லை.

பத்திரிகை நின்ற பிறகும் அதே பெயரில் அச்சகம் வைத்துச் சில வருடம் புத்தகங்கள் போட்டார். அவற்றில் பல பெண்கள் எழுதியவை. ஜமைக்கா கதைகளின் இரண்டாவது தொகுப்பான 'சிம்-சிம்' 1905இல் அங்கேதான் வந்தது. இதெல்லாம் அரிது, பார்த்தால் விடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் ஷீஃப் இதழ்களைப் பிரித்து, படம் உள்ள தாளை மட்டும் சட்டம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இதழாக விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம். இருப்பதே கொஞ்சம். ஒவ்வொரு முறை ஒரு தாள் சட்டத்துக்குள் போகும்போதும் ஒரு இதழ் செத்துப்போகிறது. எதிர்ப்பக்கத்தில் இருந்த கவிதையை இழந்த படம் பாதிப் படம்தான். தனித்தாள் விலை குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள். பிராட் ஷீட் வேறு, அது பிறந்ததே ஒற்றைத் தாளாக.

நாற்பதாயிரத்துக்கு எதை வாங்கலாம் என்றால், முதலில் நான் சொல்வது 1908ஆம் ஆண்டு ஸ்ட்ராண்ட் பத்திரிகையின் முதல் ஆறு மாதக் கட்டுத் தொகுதி. ஷெர்லக் ஹோம்ஸ் வந்த பத்திரிகை என்பதால் வீடுதோறும் சேர்த்து வைத்தார்கள். அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது, உங்கள் தொகையில் சிறு பகுதிதான் செலவாகும். ஜூன் இதழில் 'பிக்சர்ஸ் இன் மியூசிக்' என்ற கட்டுரை, இசைச் சித்திரங்களின் பிரதிகளோடு இருக்கும். அவருடைய மறைஞானத்தை அவர் வாயாலேயே கேட்கலாம். வாங்கும் முன் அந்தப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

அடுத்தது 1913இல் எலன் டெர்ரி பெயரில் வந்த 'த ரஷ்யன் பாலே'. நிஜின்ஸ்கி முதலான ஆட்டக்காரர்களைப் பமீலா வரைந்திருக்கிறார். சிறிய புத்தகம், வேகமான கோடுகள். அவர் படம் வரைந்த புத்தகங்களில் எளிதாகக் கைக்கு எட்டுவது இதுதான். 1914இல் வந்த 'த புக் ஆஃப் ஃப்ரெண்ட்லி ஜயண்ட்ஸ்' என்ற பூதக் கதைப் புத்தகமும் நல்லது. குழந்தைகள் புரட்டிய புத்தகம் என்பதால் சுத்தமான பிரதி கிடைப்பதுதான் கஷ்டம்.

பிராம் ஸ்டோக்கரின் 'லேர் ஆஃப் த ஒயிட் வோர்ம்' 1911 முதல் பதிப்பில் பமீலாவின் வண்ணப்படங்கள் உள்ளன. டாரட் போட்ட அதே ரைடர் நிறுவனம்தான் பதிப்பித்தது. ஆனால் இதற்கு ஸ்டோக்கர் சேகரிப்பவர்களோடும் போட்டி போட வேண்டும், அதனால் விலை ஏறிவிடும். ஒருவேளை கண்ணில் பட்டால் ஆறு வண்ணப்படங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் வந்த மறுபதிப்புகளை இதற்காக வாங்கிப் பயனில்லை.

தேடும்போது ஒரு விஷயம் கைகொடுக்கும். அவருடைய நடுப்பெயரைப் பலரும் தப்பாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'எல்' எழுத்துக்குப் பிறகு ஒரு 'ஈ' சேர்த்துவிடுவார்கள். அந்தத் தப்பான எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். சரியான பெயரில் தேடுபவர்கள் கண்ணில் படாத பொருள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். 'பிக்ஸி ஸ்மித்' என்றும் தேடுங்கள். பெயரே சொல்லாமல் எலன் டெர்ரி, மக்மானஸ், எல்கின் மாத்யூஸ் என்றும் தேடுங்கள். பழைய புத்தக வியாபாரிகளில் பாதிப்பேர் எழுத்தாளர் பெயரைத்தான் பட்டியலில் போடுவார்கள், படம் வரைந்தவர் பெயரைப் போடமாட்டார்கள். என்னுடைய நல்ல பொருள்களில் இரண்டு இப்படித்தான் வந்தன.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். கிரீன் ஷீஃபின் 13 இதழ்களும் டொரான்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் 'யெல்லோ நைன்டீஸ்' தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு மாதம் அதில் உட்காருங்கள். கையெழுத்தையும் பார்த்துப் பழகுங்கள். ஆரம்பகாலப் படங்களில் முழுப்பெயர் இருக்கும். பிறகு பி, சி, எஸ் மூன்றும் பின்னிக்கொண்ட ஒரு முத்திரை வந்தது, அதில் எஸ் எழுத்து கோலைச் சுற்றிய பாம்பு மாதிரி வளையும். டாரட் சீட்டுகளின் ஓரத்தில் இருப்பது அதுதான். அவரைப் பற்றி விரிவாக வாசிக்க, ஸ்டூவர்ட் கப்லனும் மற்ற மூன்று பேரும் சேர்ந்து எழுதி 2018இல் வந்த பெரிய புத்தகம் இருக்கிறது. படங்களுக்காகவே வாங்கலாம். அது உங்கள் அளவுகோலாகவும் இருக்கும்.

பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்துக்காக 'சஃப்ரேஜ் அட்டெலியே' என்ற கலைஞர் குழுவில் அவர் வேலை செய்தார். அங்கிருந்து வந்த சுவரொட்டிகளும் அஞ்சலட்டைகளும் பெரும்பாலும் கையெழுத்து இல்லாதவை. 'பமீலா வரைந்தது' என்று சொல்லி அவற்றை விலையேற்றுவது சுலபம். பிடித்திருந்தால் அந்தப் போராட்டத்தின் நினைவாக வாங்குங்கள், பமீலாவின் பெயருக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

வைத்துப் பாதுகாப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டன் குளிரில் பிறந்த தாள், சென்னைப் புழுக்கத்தில் வந்து உட்காரப்போகிறது. நீர்வண்ணத்துக்கு முதல் எதிரி வெளிச்சம். சுவரில் மாட்டிவைத்து வெயில் பட்டால் சில வருடத்தில் வெளுத்துவிடும். மாட்ட ஆசையாக இருந்தால் ஒரு நல்ல பிரதியெடுத்து மாட்டுங்கள். அசலை அமிலமற்ற தாளில் வைத்து, அதே மாதிரி அட்டைப்பெட்டிக்குள் படுக்கவையுங்கள். பெட்டியில் சிலிக்கா பொட்டலங்கள் போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். ராமபாணப் பூச்சிக்கு அலமாரியின் மூலையில் நம் வீட்டு வழக்கப்படி வசம்பு வைக்கலாம், ஆனால் எதுவும் தாளைத் தொடக்கூடாது. அந்துருண்டையைப் பெட்டிக்குள் போடவே போடாதீர்கள். லேமினேஷன், செல்லோ டேப் இரண்டையும் வீட்டில் யாரும் அன்போடு செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழுப்புப் புள்ளி இருந்தால் இருக்கட்டும். அதைப் போக்குகிறேன் என்று வண்ணத்தையும் சேர்த்துப் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரதியெடுத்து மாட்டுவதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. பமீலா இறந்தது 1951 செப்டம்பர் 18. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருடம் என்பது கணக்கு, அதனால் 2011 முடிவோடு உரிமை தீர்ந்தது. இங்கிலாந்தில் 70 வருடம், 2021 முடிவோடு அங்கும் தீர்ந்தது. பின்னால் வந்த நிறுவனங்கள் புதிதாக வண்ணம் தீட்டிய பதிப்புகளை மட்டும் தொடாதீர்கள். பழைய அச்சின் நகலையே எடுங்கள்.

அவருடைய கடைசி வருடங்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். 1911இல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். முதல் உலகப் போருக்குப் பிறகு உறவினர் ஒருவரின் பணம் கொஞ்சம் வர, கார்ன்வாலில் லிசார்ட் என்ற கடலோர ஊரில் வீடு எடுத்து, பாதிரியார்கள் வந்து ஓய்வெடுக்க ஒரு விடுதி நடத்தினார். பிறகு அதே கார்ன்வாலில் பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார். இருந்த சாமான்களைக் கடனுக்காக விற்றார்கள். அதில் போன தாள்கள் எந்தெந்த வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ. அவர் வரைந்த சீட்டுகள் இன்று உலகம் முழுக்க விற்கின்றன. ஆனால் கட்டின் பெயரில் வெகுகாலம் பதிப்பாளரின் பெயரும் வெயிட்டின் பெயரும்தான் இருந்தன. இப்போதுதான் ஸ்மித் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இப்போது அந்த 1910 கட்டு. ரைடர் நிறுவனம் 1909 டிசம்பரில் முதல் கட்டை வெளியிட்டது. மிகப் பழையதாகக் கருதப்படும் கட்டின் பின்பக்கத்தில் ரோஜாவும் அல்லியும் இருக்கும். அது உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளது. அதற்குப் பிறகு வந்தவற்றின் பின்பக்கம் கோடையில் வறண்ட ஏரி வெடித்தது போல இருக்கும். சேகரிப்பவர்கள் அவற்றை, பமீலா என்ற பெயரைச் சுருக்கி, பாம்-ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். இவை அவர்கள் வைத்த பெயர்கள், 'ஏ' என்றால் முதலில் வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பதிற்றாண்டுகள் அச்சிட்ட கட்டு என்பதால், '1910' என்று விற்பவர் சொல்லும் கட்டு 1920களில் வந்ததாகவும் இருக்கலாம். முழுதாகவும் நல்ல நிலையிலும் உள்ள பழைய கட்டு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். உங்களிடம் கேட்கும் விலையே ஒரு சந்தேகம்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் 'பழைய கட்டு' என்று வாங்கினேன். வந்த அன்றே பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்துப் பார்த்தேன். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாக ஒழுங்காக அமைந்திருந்தன. அது இக்கால நான்கு வண்ண அச்சின் அடையாளம். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறி, தட்டையான நிறமாகத் தெரியும். டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கியிருந்தார்கள், நெருக்கி முகர்ந்தால் வாசம் வந்தது.

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள். ஒரு சீட்டின் பின்பக்கம் முழுதாக. ஏதாவது ஒரு சீட்டில் முகம் வரும் பகுதி, லூப் வழியாக எடுத்தது. சீட்டின் ஓரம், பக்கவாட்டில் இருந்து. அப்புறம் 78 சீட்டுகளும் வரிசையாகப் பரப்பி எடுத்த ஒரு படம். பின்பக்கம் நீலக் கட்டம் போட்ட துணி மாதிரி இருந்தாலோ, சீட்டின் விளிம்பில் 1971 என்ற உரிமை வரி இருந்தாலோ அது அமெரிக்காவில் யூ. எஸ். கேம்ஸ் நிறுவனம் போட்டது. நல்ல கட்டுதான், ஆனால் பழையது இல்லை. பழைய வண்ணத்தை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால், அதே நிறுவனம் 2009இல் நூற்றாண்டுக்காகப் போட்ட ஸ்மித்-வெயிட் பதிப்பு போதும். பழைய கட்டு ஒன்றிலிருந்து எடுத்த நிறம் அது, ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நான்கு படத்தையும் அனுப்ப அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். அனுப்பினால் எனக்கும் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.